“அவ்வளவுதானா?” – பார்க்கிங் கேட்ட கேள்விகள்

கொழும்பிலிருந்து பெரியம்மா போன் எடுத்தால் ஒவ்வொரு முறையும் இதே பகிடிதான். “எங்கையடா இருக்கிறாய்?” “பார்க்கிங்கில பெரியம்மா.” “ஏன், வீடு கிடைக்கேல்லையா? காருக்குள்ளயா?” இருபது வருடமாகச் சிரிக்கிறோம். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் நாய் குரைப்பது போல் கேட்கும், எங்களுக்குக் கார் நிறுத்துமிடம் போல். ஊரின் உண்மையான கதையை இரண்டு பக்கத்திலும் யாரும் சொல்லித் தரவில்லை.

போன மாதம் தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள்: உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் என்ன செய்கிறார்? “கேள்வி கேட்பார்” என்றேன். “அவ்வளவுதானா?” என்றாள். அந்த “அவ்வளவுதானா” என்னை விடவில்லை. பஸ் வராவிட்டால், ஆஸ்பத்திரியில் ஆறு மணிநேரம் காத்திருந்தால், கேள்வி கேட்டு என்ன வரும்? பதில் தேடப் போய் 19ஆம் நூற்றாண்டின் சாக்கடைக்குள் இறங்கிவிட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாறியது. லண்டன் முழுவதின் கழிவும் நேராக ஆற்றில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதனால் கொலரா வந்து ஏழைகள் ஆயிரக்கணக்கில் செத்தபோதெல்லாம் மெதுவாக நகர்ந்த நாடாளுமன்றம், அந்த வருடம் வெயிலில் நாற்றம் தன் சன்னலுக்குள்ளேயே வந்ததும் சில வாரங்களில் சட்டம் போட்டுவிட்டது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லாமல் போனதுதான் காரணம்! பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் பெரிய நிலத்தடிக் கால்வாய்கள் கட்டினார். மகத்தான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கால்வாய்கள் கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டின என்று பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. ஆற்றின் வடகரைக் கழிவெல்லாம் பெக்டனுக்கு வந்தது. பார்க்கிங் ஓடை தேம்ஸில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சுத்திகரிக்காமல் அப்படியே ஆற்றில் விட்டார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டரின் நாற்றம் போய்விட்டது. எங்கள் ஊருக்கு வந்துவிட்டது.

அப்போது பார்க்கிங் மீன்பிடி ஊர். ஹியூவெட் குடும்பத்தின் நீலக்கொடிப் படகுகள் வடகடலுக்குப் போய், பனிக்கட்டியில் போட்ட மீனை லண்டனுக்கு அனுப்பின. (ரயில் வந்ததும் அந்தத் தொழில் கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்குப் போய்விட்டது. எல்லாப் பழியையும் சாக்கடை மேல் போட முடியாது.) ஊர் மக்கள் சேர்ந்து மனு எழுதினார்கள்: ஆறு நாறுகிறது, சேறு திரள்கிறது, பதில் சொல்லுங்கள். 1869இல் அரசு ராபர்ட் ராலின்சன் என்ற பொறியியல் ஆய்வாளரை அனுப்பி விசாரித்தது. முடிவு பார்க்கிங்குக்குச் சாதகமாக வரவில்லை.

பிறகு 1878 செப்டம்பர் 3. பிரின்சஸ் அலிஸ் என்ற உல்லாசக் கப்பல், ஒரு நாள் சுற்றுலா முடித்துக் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பெக்டனுக்கு அருகில் ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதி உடைந்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் அன்றைய கழிவை ஆற்றில் திறந்துவிட்டிருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் எந்தத் தண்ணீருக்குள் விழுந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1882இல் ஒரு அரச ஆணைக்குழு அமைந்தது. பார்க்கிங் மக்கள் பல வருடமாகச் சொல்லிவந்ததை அது 1884இல் ஒப்புக்கொண்டது. 1887இலிருந்து திண்மக் கழிவைத் தனியே பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். முதல் கப்பலுக்கு வைத்த பெயர் “பாசல்ஜெட்”. அவருக்கு அது பெருமையா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கணக்குப் பாருங்கள். நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் வந்தபோது சில வாரங்கள். பார்க்கிங்குக்கு வந்தபோது, மனுவிலிருந்து கப்பல் வரை 18 வருடங்கள்.

பார்க்கிங் என்ற பெயரில் தனித் தொகுதி வந்தது 1945இல்தான். அதற்குள் ஊரே மாறிவிட்டது. லண்டன் கவுண்டி கவுன்சில் 1921இலிருந்து 1935வரை பெக்கன்ட்ரீ குடியிருப்பைக் கட்டியது. பார்க்கிங், டெகனம், இல்ஃபர்ட் மூன்றிலும் பரவிய சுமார் 26,000 வீடுகள். கிழக்கு லண்டன் சேரிகளிலிருந்து வந்தவர்களுக்கு மின்சாரமும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் கிடைத்தன. ஆனால் வீடுகள் முந்தி வந்தன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் பிந்தித்தான். ஃபோர்டு தொழிற்சாலை 1931இல், மாவட்ட ரயில் பாதை மின்மயமாகி வந்தது 1932இல். உங்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் புதிய அடுக்குமாடிகள் எழும்பும்போது அப்பா “இத்தனை பேருக்கும் எங்கையடா டொக்டர்?” என்று கேட்கிறாரா? 100 வருடப் பழைய கேள்வி அது.

1959இலிருந்து 1974வரை எம்.பி.யாக இருந்தவர் டொம் டிரைபேர்க். பத்திரிகைக்காரர், ஊர்வாய்க்கு நிறையத் தீனி போட்டவர். அவரைப் பற்றி ஒன்று மட்டும். 1942இல், அவர் வேறொரு தொகுதியின் உறுப்பினராக இருந்தபோது, அமெரிக்கப் படையினரோடு சேர்ந்து கறுப்பின வீரர்களுக்கு எதிரான பாகுபாடும் பிரிட்டனுக்குள் நுழைகிறதே, தெரியுமா என்று சர்ச்சிலிடம் சபையிலேயே கேட்டார். சர்ச்சிலுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. மழுப்பித்தான் பதில் சொன்னார். ஆனாலும் அச்சில் ஏறிவிட்டது. “எங்களுக்குத் தெரியாது” என்று பிறகு எந்த அரசும் சொல்ல முடியாது.

அவருக்குப் பின் வந்த ஜோ ரிச்சர்ட்சன், வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர். 1994இல் அவர் இறந்தார். இடைத்தேர்தலில் மார்கரெட் ஹோட்ஜ் வந்தார். 2024வரை, 30 வருடம்.

இங்கேதான் எங்கள் கதை தொடங்குகிறது. ஏனென்றால் இந்த ஊருக்குள் நாங்கள் வந்தது இந்தக் காலத்தில்தான்.

1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுன்சில் வீடுகளை வாடகைக்காரர்களே வாங்கலாம் என்றாயிற்று. பெக்கன்ட்ரீ வீடுகள் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டன. விற்றதற்கு ஈடாகப் புதிய வீடு கட்டவில்லை. விற்ற வீடுகளில் பல தனியார் கைக்குப் போய், லண்டனில் வாடகை குறைந்த இடம் தேடியவர்களுக்கு வந்தன. ஆபிரிக்கர், தெற்காசியர், கிழக்கு ஐரோப்பியர், நாங்கள். பழைய குடும்பத்தின் மகள் கவுன்சில் வீட்டுக்கு வரிசையில் நிற்கிறாள், பக்கத்து வீட்டில் புது முகம். “கவுன்சில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டது” என்ற பேச்சு பரவியது. ஆபிரிக்கர்களுக்கு வீடு வாங்க 50,000 பவுண்டு கொடுக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் தேசியக் கட்சி துண்டுப்பிரசுரமே போட்டது. பச்சைப் பொய். 2006 மே மாதம் அந்தக் கட்சி 51 கவுன்சில் இடங்களில் 12ஐப் பிடித்தது.

மக்கள் கேட்டது நியாயமான கேள்வி: வீடு எங்கே? பதில்தான் திருடப்பட்டது. 2007இல் ஹோட்ஜே ஒரு கட்டுரையில், வீடு ஒதுக்கும்போது நீண்டகாலம் இங்கே வாழ்ந்த குடும்பங்களின் உரிமையை அதிகம் பார்க்க வேண்டும் என்று எழுதினார். சொந்தக் கட்சிக்காரர்களே கண்டித்தார்கள். கெய்ரோவில் பிறந்து, யூத அகதிப் பெற்றோரோடு சின்ன வயதில் இந்த நாட்டுக்கு வந்த பெண் அவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. ஆனால் அவர் தெருத் தெருவாக, கதவு கதவாகப் போய்க் குறைகளைக் கேட்டதும் உண்மை. 2010இல் அந்தக் கட்சியின் தலைவர் நிக் கிரிஃபின் இங்கேயே வந்து போட்டியிட்டார். மூன்றாம் இடம். ஹோட்ஜ் 16,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். அந்த 12 கவுன்சில் இடங்களும் போயின.

தங்கச்சிக்கு நான் சொன்ன பதிலில் ஒரு ஓட்டையும் இருந்தது. அமைச்சராக இருப்பவர் மற்ற அமைச்சர்களிடம் சபையில் கேள்வி கேட்பதில்லை. ஹோட்ஜ் 1998இலிருந்து 2010வரை பெரும்பாலும் அமைச்சர். அந்த நாட்களில் ஊருக்காகக் கடிதம் எழுதலாம், சந்தித்துப் பேசலாம், எழுந்து நின்று கேட்க முடியாது. 2010இல் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரான பிறகு பெரிய பெரிய நிறுவனங்களையே முன்னால் இருத்தி வரி எங்கே என்று கேட்டார்.

கேள்வியால் ஏதாவது நடந்ததா என்று கேட்பவர்களுக்கு குட்மேஸில் இருக்கும் கிங் ஜோர்ஜ் ஆஸ்பத்திரியைக் காட்டுவேன். உங்களில் சிலர் அங்கேதான் பிறந்திருப்பீர்கள். அதன் அவசர சிகிச்சைப் பிரிவையும் மகப்பேற்றுப் பிரிவையும் மூடி, ரொம்ஃபர்டில் 2006இல் திறந்த குயின்ஸ் ஆஸ்பத்திரிக்கு மாற்றும் திட்டத்துக்கு 2011இல் சுகாதார அமைச்சர் அனுமதி கொடுத்தார். இல்ஃபர்ட் தெற்கின் மைக் கேப்ஸ் தொழிற்கட்சி, வடக்கின் லீ ஸ்கொட் கன்சர்வேடிவ். இருவரும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: குயின்ஸே நிரம்பி வழியும்போது எங்கே அனுப்பப் போகிறீர்கள்? மகப்பேற்றுப் பிரிவு 2013இல் போய்விட்டது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவசரப் பிரிவை மூடும் நாள் தள்ளித் தள்ளிப் போய், 2019இல் திட்டமே கைவிடப்பட்டது. மனுவில் கையெழுத்து வாங்கியவர்கள், ஊர்வலம் போனவர்கள் எல்லாருக்கும் அதில் பங்குண்டு. லீ ஸ்கொட்டுக்குப் பின் வந்து அதே கேள்வியைக் கேட்ட வெஸ் ஸ்ட்ரீட்டிங் 2024 ஜூலையில் சுகாதார அமைச்சரானார். கேட்டவர் பதில் சொல்லும் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அதே தேர்தலில் பார்க்கிங்குக்கு நெசில் சலிஷ்கான் வந்தார். ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்று, நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண்ணானார். அவரும் போர் துரத்திய பெற்றோரின் பிள்ளைதான்.

உங்களுக்கு வாக்கு இல்லாவிட்டாலும், அம்மா அப்பாவுக்குக் குடியுரிமை இல்லாவிட்டாலும், உங்கள் எம்.பி. உங்களுக்கும் எம்.பி.தான். வீட்டு முகவரியோடு எழுதுங்கள், முகவரி இல்லாவிட்டால் பதில் வராது. யாரிடம் எதைக் கேட்பது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: குப்பை கவுன்சிலின் வேலை, பஸ் லண்டன் மேயரின் கீழ் வருகிறது, ஆஸ்பத்திரியும் விசாவும் அரசு. இடம் மாறிக் கேட்டால் “அது எங்கள் பொறுப்பல்ல” என்று ஒரு வரிதான் வரும். எழுத்துமூலக் கேள்விக்கு அமைச்சர் எழுத்திலேயே பதில் தரவேண்டும். சிலவேளை, விவரம் திரட்டச் செலவு அதிகம் என்று கையை விரிப்பார்கள். அந்தக் கைவிரிப்பும் பதிவாகும்.

தங்கச்சியோடு போன ஞாயிறு பார்க்கிங் ரிவர்சைட் நிலையம் வரை ரயிலில் போனேன். 10,000 வீடுகளுக்கு மேல் திட்டமிட்ட இடம். அங்கே வரவிருந்த டி.எல்.ஆர். பாதையை 2008இல் ரத்துச் செய்தார்கள். இந்த நிலையம் திறந்தது 2022 ஜூலையில். பாதைக்கு இப்போது சஃப்ரஜெட் லைன் என்று பெயர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட ஆனி ஹகெட் வாழ்ந்த ஊர் இது. 1996இல் 103 வயதில் இறந்தார். ஆற்றோரம் நடந்தோம். மேற்கேயிருந்து காற்று அடித்தது. “என்ன மணம் இது?” என்று தங்கச்சி மூக்கைப் பொத்தினாள். “பெக்டன்” என்றேன். வீட்டுக்கு வந்ததும் எம்.பி.க்கு எழுதத் தொடங்கினாள். முதல் வரி பஸ்ஸைப் பற்றி. மேயருக்கு எழுத வேண்டியது என்று சொல்லி, முதல் தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறோம்.