காட்டுவழி யாருக்கு உரியது?

காஞ்சிபுரம் என்றதும் பட்டையும் கோயில்களையும் பேசும் நாம், அந்நகருக்கு வந்து சேரும் வழியைப் பேசுவதில்லை. பெரும்பாணாற்றுப்படை பேசியது. தொண்டைமான் இளந்திரையனின் கச்சியைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், தம் 500 அடிகளில் பெரும்பகுதியை நகருக்காக அன்றி, நகரை நோக்கிய பாதைக்காகவே செலவிட்டிருக்கிறார். உப்பு வணிகரின் வண்டிகள், மிளகுப்பொதி சுமந்த கழுதைகள், சுங்கம் கொள்ளும் பெருவழியில் வில்லேந்திய காவலர், எயினர் குடியிருப்பு என்று காடும் நாடும் மாறிமாறி வருகின்றன. வழிப்பறி இல்லாத நாடு, வேண்டிய இடத்தில் தங்கிச் செல்லலாம் என்று பாணனுக்கு உறுதி கூறப்படுகிறது.

மலைபடுகடாம் இன்னும் நுணுக்கமானது. செங்கண்மா நோக்கிச் செல்லும் கூத்தருக்கு, பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கிருக்கும், தினைப்புனக் காவலரின் கவண்கல் எப்படிப் பாயும், வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது, இரவில் எங்கே தங்குவது என்றெல்லாம் அது அறிவுறுத்துகிறது. இந்நூல்களில் வழி எவருக்கும் திறந்தே இருக்கிறது. ஆயினும் அறிந்தவர் சொல் இன்றி எவரும் அதில் இறங்குவதில்லை. வழிக்கான உரிமையும் வழியைப் பற்றிய அறிவும் பிரியாதிருந்த காலம் அது. பின்னர் அவை எவ்வாறு பிரிந்தன என்பதே நம் கேள்வி.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இப்பிரிவின் தொடக்கம் எனலாம். ஒரு நிலத்தைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், அதன்மீது உரிமை கோருவோரை அழைத்து விசாரிக்கத் தீர்வு அலுவலர் ஒருவரை அச்சட்டம் நியமித்தது. மேய்ச்சல், நீர் ஆகியவற்றோடு நடைபாதை உரிமையும் அங்கே கோரப்பட வேண்டிய ஒன்றாயிற்று. கோராதவனின் உரிமை அற்றுப்போனது. எழுத்தறியாத மலைக்குடிகள் எத்தனை பேர் ஒரு பாதைக்காக மனு எழுதியிருக்கக்கூடும்? அனுமதியின்றி நுழைதல் குற்றமாயிற்று; தலைமுறைகளாய் நடந்தவனும் ஒரே நாளில் அத்துமீறியவனானான்.

அதே காலத்தில் அரசும் தோட்ட முதலாளிகளும் தத்தம் தேவைக்காகப் புதிய வழிகளைத் திறந்தனர். மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குச் சென்றது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு செல்லும் சாலையோ, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் படையெடுத்தால் தப்பிச் செல்லும் வழியாகக் கருதப்பட்டு, 'எஸ்கேப் ரோடு' என்றே பெயர் பெற்றது. தேயிலைக்காகவும் போருக்காகவும் அமைந்த இவ்வழிகளில்தான் பிற்காலத்தில் உல்லாசப் பயணி கால்வைத்தான்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அடுத்த திருப்பம். சரணாலயத்துள் நுழையத்தக்கவர் யாவர் என்று அதன் 27ஆம் பிரிவு வரையறுக்கிறது. பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவர் அவர்களுள் ஒருவர். ஆய்வு, புகைப்படம், சுற்றுலா முதலியவற்றுக்கு அனுமதிச்சீட்டு வழங்க 28ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆக, கடந்து செல்பவனுக்கு வழி உரிமை. நின்று பார்ப்பவனுக்கு அது சலுகை. கொடைக்கானல் - மூணாறு சாலை 1990இல் மூடப்பட்டது. அதனால் காடு பிழைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. யானையின் வழியும் வழியே அல்லவா?

எல்லா வழிகளும் ஒரே அளவில் மூடப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளியங்கிரிக்கும் சதுரகிரிக்கும் அடியவர் காட்டினூடேதான் ஏறுகின்றனர். நாள்வரையறை உண்டு, ஆனால் அவர்களை அத்துமீறியவர் என்று எவரும் அழைப்பதில்லை. பக்திக்கு வழக்காற்றின் வலிமை இருக்கிறது. வெறுமனே நடந்து மகிழ விழைபவனுக்கு அத்தகைய வழக்காறு நம்மிடம் உருவாகவில்லை. இங்கிலாந்தில் 1932இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தொழிலாளர் கூட்டமாக அத்துமீறி நடந்து சிறை சென்றனர். நார்வே 1957இல் திறந்தவெளியில் உலவும் உரிமையைச் சட்டமாக்கியது. நம் நாட்டிலோ இக்கேள்வி ஒரு கோரிக்கையாக எழவில்லை. பெருந்துயரம் ஒன்றின் வழியாகவே பொதுப்பேச்சுக்கு வந்தது.

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றிருந்தோரில் 20 பேருக்கும் மேல் உயிரிழந்தனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்ற இளைஞர்கள் அவர்கள். பழைய தேயிலைக் கம்பிவழி இறங்கிய மலைச்சரிவுகளுக்கு அண்மையில்தான் அது நிகழ்ந்தது. கோடைக்காலத்தில் காய்ந்த புல்வெளி. காற்றில் மேல்நோக்கி விரையும் தீ. எத்திசையில் இறங்குவது என்றறியாத மக்கள். மலைபடுகடாம் சொல்ல முனைந்தது இதைத்தான் அல்லவா?

அதன்பின் மலையேற்றம் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டில் ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்ற வழிகளைப் பொதுமக்களுக்குத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என வகுத்து, உள்ளூர் இளைஞரையும் பழங்குடியினரையும் வழிகாட்டிகளாக அமர்த்தியது. அவற்றுள் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகை. 1997 வரை காஞ்சியும் குடியமும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அந்நிலத்தை அடுத்தே இருக்கிறது இக்குகை. தொல்மனிதன் தங்கிய இடத்துக்கு இன்று நாம் பதிவு செய்து, கட்டணம் செலுத்திச் செல்கிறோம்.

இக்கட்டணத்தை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய் வரை ஆகும் நடை, தகவல் தொழில்நுட்ப ஊழியருக்கு எளிது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கு எளிதன்று. அவருடைய பிள்ளை பள்ளியில் படிக்கும் காலத்திலேனும் ஒருமுறை காட்டுவழியில் நடக்க இயலவில்லையெனில், திறந்த வழி யாருக்குத் திறந்தது? கட்டணமே கூடாது என்பது நம் வாதமன்று. வழிகாட்டியின் கூலி அதிலிருந்துதான் வருகிறது. மாணவருக்கும் எளியவருக்கும் குறைந்த கட்டணத்தில் சில நாள்களை ஒதுக்குவதால் காட்டுக்கு எந்த ஊறும் நேராது.

இரண்டாவதாக, வழிகாட்டியின் நிலை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மலைக்குடிகளுக்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. எனில் அவர்கள் சீருடை அணிந்த ஊழியர்களாக மட்டும் நின்றுவிடுவது போதாது. எந்த வழியைத் திறப்பது, எந்தப் பருவத்தில் மூடுவது என்ற முடிவிலும் அவர்களின் கிராம சபைக்குப் பங்கு வேண்டும். தீ எப்பக்கம் திரும்பும், யானை எந்நேரம் நீருக்கு இறங்கும் என்று அறிந்தவர்கள் அவர்களே. 1882இல் மனு எழுதத் தெரியாததால் தம் பாதையை இழந்தவர்களின் வழித்தோன்றல்களிடம், அப்பாதையைப் பற்றி முதலில் கேட்பதே முறை.