ஐந்து வயதில் முடிந்த வீடு

பிறர் வீட்டில் வைத்து வளர்க்கப்படும் பிள்ளை ஓரிடத்தில் நிலைக்காமல் கைமாறிக்கொண்டே இருந்தால், பிள்ளை அடங்காதது என்பார்கள். இல்லையென்றால் வளர்த்தவளுக்குப் பொறுமை போதவில்லை என்பார்கள். இங்கிலாந்தில் இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. தத்தெடுப்பைப் போலன்றி, பொறுப்பு ஒரு நிறுவனத்திடமோ உள்ளாட்சியிடமோ இருக்க, பிள்ளை மட்டும் ஒரு குடும்பத்தில் வளரும் முறை அது. அந்த வரலாற்றில் நடந்த இடமாற்றங்களுக்குப் பிள்ளையையும் வளர்த்தவளையும்விட, பிள்ளையை அங்கே வைத்தவர்களின் விதிகளும் அவசரமும் கூடுதலாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் முடிவு. பிள்ளைக்கு நிலையான வீடு வேண்டுமென்றால் முதலில் திருத்த வேண்டியவை அவைதாம்.

தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டன் 1739-இல் அரச சாசனம் பெற்று லண்டனில் நிறுவிய ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல், பெயரளவில்தான் மருத்துவமனை. வளர்க்க வழியற்ற தாய்மார் ஒப்படைத்துப்போகும் குழந்தைகளின் இல்லம் அது. 1741-இல் முதல் குழந்தைகள் வந்தன. உள்ளே எடுத்ததும் ஞானஸ்நானம் செய்து புதுப் பெயர் வைத்தார்கள். எண் பொறித்த வில்லையைக் கழுத்தில் கட்டி, கென்ட், சர்ரி, எசெக்ஸ் போன்ற பகுதிகளின் கிராமங்களில் கூலிக்குப் பாலூட்டும் செவிலித்தாயிடம் அனுப்பினார்கள். தாய் என்றாவது திரும்பி வந்து கேட்டால் அடையாளம் காண்பதற்காக, குழந்தையின் உடுப்பிலிருந்தோ தாயின் ஆடையிலிருந்தோ வெட்டிய துணித்துண்டு ஒன்றைச் சேர்க்கைத் தாளில் ஊசியால் குத்திவைத்தார்கள். பூப்போட்ட பருத்தி, கோடுபோட்ட லினன், ரிப்பன் துண்டு என்று ஆயிரக்கணக்கான துணிகள் இன்றும் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பெற்றவளோடு உள்ள தொடர்பு அறாமலிருக்க இவ்வளவு கவனம் எடுத்த நிர்வாகம், வளர்த்தவளோடு உள்ள தொடர்புக்கு ஒரு முடிவுநாளை வைத்தது. ஏறத்தாழ ஐந்து வயதில் பிள்ளை லண்டனுக்குத் திரும்பியாக வேண்டும். அதுவரை அம்மா என்று அழைத்தவளை விட்டுவிட்டு, சீருடை போட்டு, நீண்ட படுக்கைக்கூடத்தில் அது தூங்கப் பழக வேண்டும்.

அக்காலத்தை இக்காலத்தின் அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1756 முதல் 1760 வரை, நாடாளுமன்றம் பணம் கொடுத்து, யார் கொண்டுவந்த குழந்தையையும் ஏற்கச் சொன்ன காலத்தில், ஏறக்குறைய 15,000 குழந்தைகள் வந்தன, பெரும்பாலானவை பிழைக்கவில்லை. உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்தபோது கிராமத்துச் செவிலியிடம் அனுப்பியது நல்ல முடிவு. பின்னால் கடலுக்கோ வீட்டுவேலைக்கோ போகவேண்டிய பிள்ளைகளுக்குப் பயிற்சி வேண்டும் என்றும் நிர்வாகிகள் கருதினார்கள். ஆனால் பிள்ளையைத் தங்களிடமே விட்டுவிடும்படி கேட்ட செவிலிக் குடும்பங்கள் அக்காலத்திலேயே இருந்தன. சில பிள்ளைகளைத் தொழில் பழகும் பேரில் அந்த வீடுகளிலேயே விடவும் செய்தார்கள். மாற்றுவழி கண்ணெதிரே இருந்தும் அது விதிவிலக்காகவே நின்றுவிட்டது. 1954-இல் உறைவிடத்தை மூடும் காலத்துக்குச் சற்று முன்புவரை இந்த ஐந்து வயதுப் பிரிவு தொடர்ந்தது. அதற்குள்ளானவர்கள் முதுமையில் அளித்த வாய்மொழிப் பதிவுகளிலும் அந்த நாள் ஆறாத காயமாகவே இருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே வீட்டில் இருப்பது மட்டுமே நன்மையாகிவிடுமா? 1945 ஜனவரியில் ஷ்ராப்ஷயரின் பண்ணை வீடொன்றில், 12 வயது டெனிஸ் ஓ'நீல் பட்டினியாலும் அடியாலும் இறந்தான். அவனை அங்கே வைத்தது வேல்ஸின் நியூபோர்ட் நகராட்சி. வைத்த சில மாதங்களில் முறையான மேற்பார்வை நடக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது உடனடி வெளியேற்றம், நிலைப்பு அல்ல. மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த வீட்டை யார் தேர்ந்தார்கள், அவன் முகத்தைப் பார்த்துப் பேச யார் போனார்கள் என்ற கேள்விகளுக்குச் சரியான விடை இல்லாததால்தான் அது நேர்ந்தது. கவனமில்லாமல் வைப்பதும் காரணமில்லாமல் மாற்றுவதும் ஒரே வேரிலிருந்து வருபவை. சொந்த வீட்டில் வளராத பிள்ளைகளின் பராமரிப்பை ஆராய்ந்த, மைரா கர்டிஸ் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கை, ஒவ்வொரு பிள்ளையையும் நேரில் அறிந்த ஓர் அதிகாரி வேண்டும் என்று வலியுறுத்தியதை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். 1948 சட்டம் அந்த அதிகாரியைக் கொண்டுவந்தது. கூடவே, விடுதியைவிடக் குடும்பம் செலவு குறைவு என்ற எண்ணமும் வந்தது. வேகமாக வீடு தேடும் அழுத்தமும் சேர்ந்தது.

அந்த வேகத்தின் விளைவை ஆய்வாளர் ராய் பார்க்கர் 1966-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கென்ட் பகுதியில் நீண்டகாலத்துக்கென்று வைத்த பிள்ளைகளை அவர் ஆராய்ந்தார்; ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ பாதி ஏற்பாடுகள் முறிந்திருந்தன. வளர்ப்பவர்களின் சொந்தப் பிள்ளை மிகச் சிறியதாகவோ வந்த பிள்ளையின் வயதை ஒட்டியதாகவோ இருந்த வீடுகள் அதிகம் முறிந்தன. இது அனுப்புவதற்கு முன்பே தெரியக்கூடிய செய்தி. வாசலில் நின்று விசாரித்தாலே தெரிந்துவிடும். குணத்தின் மேல் போட்ட பழி, உண்மையில் பொருத்தம் பார்க்காததன் மேல் விழுந்திருக்க வேண்டும்.

இரத்த உறவுக்கு உரிமை இல்லையா என்பது அடுத்த கேள்வி. உண்டு, பெற்றவர்கள் தேறிவந்தால் பிள்ளை அவர்களிடம் திரும்புவதே பெரும்பாலும் நல்லது. ஆனால் மரியா கோல்வெல் என்ற சிறுமி பல ஆண்டுகளாகத் தந்தையின் சகோதரி வீட்டில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவள். அவள் எதிர்த்தும் 1971-இல் தாயிடம் திருப்பி அனுப்பினார்கள். 1973 ஜனவரியில், ஏழு வயதில், மாற்றாந்தந்தையின் கையால் இறந்தாள். வேர்விட்ட இடத்திலிருந்து பிடுங்கியதற்கு வளர்ப்புக் குடும்பம் காரணமல்ல. அந்தக் குடும்பத்துக்குச் சட்டத்தில் எந்த நிலையும் இல்லாததே காரணம். 1975 சட்டம் வளர்ப்பவர்களின் நிலையைக் கொஞ்சம் உயர்த்தியது. 2014 முதல், 18 வயதான பின்னும் வளர்ப்பு வீட்டிலேயே 21 வரை இருக்க இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் உதவ வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இரு தரப்பும் விரும்பினால்தான் அது நடக்கும். விடுதிகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டப்பிரிவு பொருந்தாது.