ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற எண்

147573952589676412927

21 இலக்கங்கள். பார்க்க ஒரு விசேஷமும் தெரியாது. 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் 1-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். சதுரங்கக் கட்டங்களில் 1, 2, 4, 8 என்று தானியம் வைக்கச் சொன்ன கதை தெரியும்தானே? அந்த 64 கட்டங்களோடு இன்னும் மூன்றே மூன்று கட்டங்களை ஒட்டினால் மொத்த தானியம் இதுதான்.

1644-இல் பாரிஸில் வாழ்ந்த மரின் மெர்சென் என்ற துறவி ஒரு பட்டியல் வெளியிட்டார். இரண்டின் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் கிடைக்க, அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 257 வரை வேறு கிடையாது என்றார். நிரூபணம்? அது மட்டும் இல்லை! இத்தகைய பகா எண் ஒவ்வொன்றும் 6, 28 போன்ற ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பதால் பலருக்கும் இதில் ஆசை.

67 தவறு என்று 1876-இல் பிரான்சின் எடுவார்ட் லூக்கா காட்டினார். ஆனால் காரணிகள் எவை என்று அவர் முறை சொல்லவில்லை. வீட்டுக்குள் திருடன் இருப்பது நிச்சயம், எந்த அறையில் என்று மட்டும் தெரியாது என்கிற நிலை.

அந்தத் திருடனைப் பிடித்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில் அவர் காட்டிய விடை:

193707721 × 761838257287

ஒரு வார்த்தை பேசாமல், கரும்பலகையில் அடுக்கையும் பெருக்கலையும் போட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்பார்கள். எவ்வளவு நாள் பிடித்தது என்ற கேள்விக்கு, "மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்" என்றாராம். இதையெல்லாம் பல ஆண்டுகள் கழித்து எழுதியவர் எரிக் டெம்பிள் பெல். கதையை மெருகேற்றுவதில் மன்னர் அவர், கொஞ்சம் உப்பு சேர்த்தே சாப்பிட வேண்டும். பெருக்கலில் மட்டும் சந்தேகமே வேண்டாம், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

மூன்று வருடம் ஏன்? இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 134-ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இப்படிச் சலித்த பிறகும் கூட்டம் பெரிது. சின்னக் காரணியே 134-இன் 14,45,580-ஆவது மடங்கோடு 1 சேர்ந்தது! கோல் இருபடி எச்சங்களைக் கொண்டு மேலும் சலித்தார், எல்லாம் கையால். இன்றைய கணினிக்கு இது ஒரு நொடி வேலை.

மெர்சென்னின் பட்டியல் அதோடு தப்பவில்லை. அவர் விட்டுவிட்ட 61-ஐ 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் கண்டார். 89, 107 இரண்டும் 1911-லும் 1914-லும் சேர்ந்தன. 61-தான் அச்சுப்பிழையால் 67 ஆகிவிட்டது என்று மெர்சென்னுக்காக வாதாடுவோர் உண்டு. ஆனால் 257-உம் தவறாயிற்றே, அதற்கு என்ன சாக்கு சொல்வார்களோ!