கைத்துப்பாக்கியும் கணக்கும்

'துப்பாக்கி' திருக்குறளிலேயே உண்டென்று யாழ்ப்பாணத்து வகுப்பறையில் மாணவர் என்னோடு வாதிடுவதுண்டு. வான்சிறப்பில் வரும் அச்சொல்லுக்கு உணவாக்கி என்பதே பொருள். ஆயுதத்தின் பெயரோ துருக்கியிலிருந்து வந்தது.

சொல் கிடக்க, பொருளுக்கு வருவோம். முதலாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியப் படை அதிகாரி தம் கைத்துப்பாக்கியைச் சொந்தப் பணத்திலேயே வாங்கவேண்டும். எந்தக் கம்பனியினதும் ஆகலாம், படையின்.455 அங்குலத் தோட்டா அதற்குப் பொருந்தவேண்டும், அவ்வளவே. நல்ல விதி என்பேன். துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டா ஓயாத செலவு. 1915இல் வந்த வெப்லி ஆறாம் மாதிரியின் எடை ஏறத்தாழ 1.1 கிலோ. அதன் உதைப்பைத் தாங்கிக் குறி தவறாது சுட நீண்ட பயிற்சி வேண்டும். பயிற்சிக்கும் தோட்டா வேண்டும். போர் முடிந்தபின் அரசு .38 அங்குலத்துக்கு இறங்கி, 1932இல் இலேசான என்பீல்ட் சுழல்துப்பாக்கியை ஏற்றது.

அமெரிக்கா எதிர்வழி போயிற்று. பிலிப்பைன்சில் .38 போதாதெனக் கண்டு, 1911 மார்ச்சில் ஜோன் பிறவுணிங் வடிவமைத்த .45ஐத் தெரிந்தது. இரண்டாம் போரில் குவிந்த இருப்பே 1985 வரை போதுமாயிருந்தது.

அதே 1911இல், ஜூன் 17ஆந் திகதி, மணியாச்சிப் புகையிரத நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலிருந்ததும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிறவுணிங். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி இந்தியரைத் துப்பாக்கி வைத்திருக்க விடவில்லை. அவருக்குக் கடையுமில்லை, தெரிவுமில்லை. கைக்கு எட்டியதே ஆயுதம். அதனாலேயே தம்மையும் சுட்டு மாய்த்துக்கொண்டார்.