மொ. ஜோ. கோபாலன்

மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (ஜூன் 6, 1909 - டிசம்பர் 21, 2003) துடுப்பாட்டம் (கிரிக்கெட்), வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி) ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக விளையாடிய வீரர் ஆவார். செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொரப்பாக்கத்தில் பிறந்தார். வேகப்பந்து வீச்சாளரான இவர், 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான தேர்வுப் போட்டியில் அறிமுகமானார். அவ்வாண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராகச் சென்னை அணிக்கு ஆடி, ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசினார்.

1935 இல் இந்திய வளைதடிப் பந்தாட்ட அணியுடன் நியூசிலாந்து சென்றார். 1936 இல் பெர்லின் ஒலிம்பிக், இங்கிலாந்துத் துடுப்பாட்டப் பயணம் ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய நேர்ந்தபோது, இங்கிலாந்துப் பயணத்தையே தெரிவு செய்தார். தியான் சந்த் தலைமையில் பெர்லின் சென்ற அணி தங்கப் பதக்கம் வென்றது. இங்கிலாந்து சென்ற கோபாலனுக்கோ அங்கு ஒரு தேர்வுப் போட்டியிலும் இடம் கிடைக்கவில்லை. கல்கத்தாவில் ஆடியதே அவரது ஒரே தேர்வுப் போட்டியாக அமைந்தது.

சென்னை, இலங்கை அணிகளுக்கிடையே 1950களில் தொடங்கிய போட்டிக்கு இவரைச் சிறப்பிக்கும் வகையில் கோபாலன் கிண்ணம் எனப் பெயரிடப்பட்டது. 1964 இல் பத்மசிறீ விருது பெற்றார்.