பஞ்சும் நெருப்பும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாமக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில் இளைஞன் ஒருவனின் அடக்கச் சடங்கை நிறைவேற்றினேன். கிணற்றடியில் மோட்டார் போடச் சென்றவன் மின்சாரம் தாக்கி மாண்டான். ‘ஆண்டவர் அழைத்துக்கொண்டார்’ என்று மறையுரையில் வழக்கம்போல் கூறினேன். கல்லறையிலிருந்து திரும்புகையில் அவனுடைய தந்தை என் அருகே வந்து, “சாமி, எம் பையனைக் கூப்பிட்டுக்கிட்டது ஆண்டவருங்களா, தோல் உரிஞ்சு கெடந்த அந்த ஒயருங்களா?” என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை; அறிய விரும்பினார். நான் விடையின்றி நின்றேன்.

இக்கேள்வி மிகப் பழமையானது. இதனைக் கூர்மையாகக் கேட்டு நெடுங்காலம் வழக்காடியவர்கள் இசுலாமிய அறிஞர்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அல்-அஷ்அரியின் வழிவந்த இறையியலார், படைப்பு ஒவ்வொரு நொடியும் இறைவனாலேயே புதிதாக நிகழ்கிறது என்றனர். பொருள்களுக்குத் தாமாக வினையாற்றும் வலிமை இல்லை என்பது அவர்தம் துணிபு. இதற்கு மாறாக, கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலைக் கற்றுத் தேர்ந்த மருத்துவர் இப்னு சீனா (980-1037), காரணம் முழுமையாக அமைந்தால் காரியம் தவிர்க்க இயலாதது என்றார். உலகமும் இறைவனிடமிருந்து அவ்வாறே தொடக்கமின்றி வெளிப்படுகிறது என்பது அவர் கொள்கை. அப்படியாயின் இறைவனின் விருப்பத்திற்கும் அற்புதத்திற்கும் இடம் எங்கே என்ற ஐயம் எழுந்தது.

அந்த ஐயத்தை நூலாக்கியவர் இமாம் கஸ்ஸாலி. 1058-இல் பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்த அவர், 1091-இல் பாக்தாதின் நிஸாமியாக் கல்லூரியில் ஆசிரியரானார். ‘தத்துவவாதிகளின் தடுமாற்றம்’ என்று பொருள்படும் தமது நூலின் பதினேழாம் பகுதியில் பஞ்சையும் நெருப்பையும் சான்றாக எடுத்துக்கொள்கிறார். நெருப்புப் பட்டபொழுது பஞ்சு எரிவதை நாம் காண்கிறோம். நெருப்பினால் எரிவதை நாம் காண்பதில்லை. இரண்டையும் சேர்ந்து நிகழச் செய்பவர் இறைவனே. இடைவிடாமல் அவ்வாறு நிகழ்வதால் நமக்கு அது விதியாகத் தோன்றுகிறது. பருத்தியோடும் தறியோடும் வாழும் நம் சேலத்து மக்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

அவ்வாறெனில், வீட்டில் வைத்துவிட்டு வந்த நூல் இந்நேரம் குதிரையாக மாறியிருக்கலாமோ என்று ஒருவர் கேட்கக்கூடும். அந்தத் தடையை அவரே எழுப்பி, இறைவன் தம் வழக்கத்தை மாற்றுவதில்லை என்னும் அறிவையும் அவரே நமக்குள் வைத்திருக்கிறார் என விடை தந்தார். பசித்தவன் உணவுக்குக் கைநீட்டாமல் இறைவன் பசி தீர்ப்பார் என்றிருப்பது நம்பிக்கை ஆகாது என்றும் பிறிதொரு நூலில் எழுதினார். காரணங்களின் தேவையை மறுத்தவர், கடமைகளை மறுக்கவில்லை.

ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஸ்பெயினின் கொர்தோபாவைச் சேர்ந்த நீதிபதியும் மருத்துவருமான இப்னு ருஷ்து (1126-1198), ‘தடுமாற்றத்தின் தடுமாற்றம்’ என்னும் மறுப்பு நூலை எழுதினார். காரணங்களை அறிவதே அறிவு. காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்பது அவர் வாதம். கண்முன் உள்ள காரணங்களை அழித்துவிட்டால், காணாத முதற் காரணத்தை எந்தப் படியேறி அடைவது என்றும் கேட்டார்.

இவ்வழக்கு நமக்கு அயலானதன்று. இளம்பூரணரை நாம் ‘உரையாசிரியர்’ என்றே சுட்டுவதுபோல, புனித தாமஸ் அக்குவினாஸ் (1225-1274) இப்னு ருஷ்துவை ‘உரையாசிரியர்’ என்றே சுட்டினார். பலவற்றைக் கற்றார், சிலவற்றை மறுத்தார். அஷ்அரியாரின் கொள்கையை யூத அறிஞர் மைமோனிதெஸின் நூல் வழியே அறிந்து, படைப்புப் பொருள்களின் ஆற்றலைக் குறைப்பது படைத்தவரின் நன்மையைக் குறைப்பதாகும் என்று விடையளித்தார். ஒரே செயல் முழுவதும் இறைவனுடையது, முழுவதும் இயற்கையினுடையது. ஆயினும் இரண்டும் ஒரே நிலையில் செயல்படுவன அல்ல என்றார். ஆனால் கஸ்ஸாலியின் கருத்தை ஒத்த கொள்கையை பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கக் குருவாகிய மால்பிராஞ்சும் கொண்டிருந்தார். எனவே இது இரு மதங்களின் பூசல் அன்று. இறைவனை நம்பும் எவர் உள்ளத்திலும் எழும் வழக்கு.

1623-இல் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டு, சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, உரோமையில் பயின்ற இறையியலைத் தமிழில் வடித்தவர். அக்குவினாஸின் சிந்தனையோடு, பாக்தாதிலும் கொர்தோபாவிலும் நடந்த வழக்கின் எதிரொலியும் இம்மண்ணுக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

அந்தத் தந்தைக்கு என்ன விடை? அக்குவினாஸ் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். கால் வளைந்தவரின் நடையில் உள்ள இயக்கம் உயிராற்றலால் வருகிறது. கோணலோ காலின் வளைவால் வருகிறது. இருப்பும் இயக்கமும் இறைவனுடையவை. குறை, குறையுள்ள கருவியைச் சார்ந்தது. ஆண்டவர் அம்மகனைத் தம் கையில் ஏற்றிருப்பார் என நம்புகிறேன். ஆனால் அந்த ஒயரின் பழியை அவர்மேல் சுமத்த எனக்கு உரிமை இல்லை.

ஓராண்டுக்குப் பின் இதனைச் சொல்ல அவர் வீட்டிற்குச் சென்றேன். “நான் அன்று சொன்னது சரியில்லை, ஐயா” என்று தொடங்கினேன். அவர் பேசாமல் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். புதிய ஒயர் குழாய்க்குள் செலுத்தப்பட்டு, ஸ்டார்ட்டர் பெட்டி மழைபடாத உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தாருக்கும் அவரே முன்னின்று செய்துகொடுத்திருந்தார். பெட்டியின் மேல் ஒரு சிறு சிலுவை வரையப்பட்டிருந்தது.