இரண்டாவது மாத்திரை

"முதல் மாத்திரையே கேக்கல கண்ணு. அதை நிறுத்தாம, மேல எதுக்கு இன்னொன்னு?"

திருப்பூரில் இருபது வருடம் டையிங் மாஸ்டராக இருந்த என் சித்தப்பாவின் கேள்வி. மனச்சோர்வுக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் காலையில் பட்டறைக்குக் கிளம்ப முடியவில்லை அவரால். டாக்டர் பழைய மாத்திரையை அப்படியே வைத்து, கூடவே லித்தியம் எழுதியிருந்தார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஓடாத கோடை நாங்கள் தூக்கிவிட்டுத்தானே புதிது எழுதுவோம்? தேடிப் படித்தேன்.

லித்தியம் மருந்தாவது உப்பு வடிவத்தில்தான். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் அதை மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். அதே வருடம் அமெரிக்காவில், சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக விற்ற லித்தியம் குளோரைடை அளவில்லாமல் தூவிச் சாப்பிட்டுச் சிலர் இறந்துபோனார்கள்.

சித்தப்பாவின் கேள்விக்கான பதில் 1981-ல் மாண்ட்ரியலில் இருந்தது. ட்ரைசைக்ளிக் மாத்திரைகளை மூன்று வாரமாவது சாப்பிட்டும் தேறாத 8 பேருக்கு, அதை நிறுத்தாமலேயே லித்தியம் கொடுத்தார் க்ளோட் த மோந்திஞி. அவர் கணக்கு இது: பழைய மாத்திரை மூளை செல்களை செரடோனினுக்குக் கூர்மையாக்கி வைத்திருக்கிறது, செரடோனின்தான் போதவில்லை, லித்தியம் அதைக் கூட்டும். 48 மணி நேரத்துக்குள் 8 பேரும் தேறினார்கள். அப்படியென்றால் முதல் மாத்திரை சும்மா இருக்கவில்லை.

"காட்டன்ல சாயம் ஏற உப்புப் போடறாப்லயா?" என்றார் சித்தப்பா. தண்ணீரில் நூலும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும், உப்பு அந்தத் தள்ளலைத் தணிக்கும். வேதியியல் வேறு, ஆனாலும் மோசமான உவமை இல்லை.

ஆனால் எட்டே பேர், அதுவும் போலி மாத்திரையோடு ஒப்பிடாமல். எட்டு யூசரை நம்பி நான் எதையும் ரிலீஸ் செய்ய மாட்டேன். பின்னால் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளும் நடந்தன, மொத்தத்தில் லித்தியத்துக்குச் சாதகமாகவே. 2006-ல் அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வு வந்தது. இரண்டு சிகிச்சைகளிலும் குணமாகாத 142 பேரில், லித்தியம் சேர்த்தவர்களில் 15.9 சதவீதமும், தைராய்டு ஹார்மோன் சேர்த்தவர்களில் 24.7 சதவீதமும் மீண்டார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். பக்கவிளைவால் பாதியில் விட்டவர்கள் லித்தியத்தில்தான் அதிகம்.

இதைச் சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"நூத்துக்குப் பதினாறா?" என்று மட்டும் கேட்டார்.

லித்தியம் மிஞ்சினால் நஞ்சு, சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், ரத்தத்தில் அளவு சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சாயத்தை ஏற்றிவிட்டு மிஞ்சிய உப்பு நொய்யலில் போய்ச் சேர்ந்ததும், 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும், அவர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்ததும் அவருக்குத் தெரியாதா என்ன.

"வியாழக்கிழமை ரத்தம் குடுக்கோணும்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "பைக்க எடுத்துட்டு வந்துரு."